பேட்டையில் இலை போட்டவர்கள்: பெங்களூருப் பழைய நகரின் சத்திரமும் ஓட்டலும் லாட்ஜும்

கேள்வி

பெங்களூரின் பழைய சாப்பாட்டுக் கடைகள் எவை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் வரும். லால்பாக் சாலை எம்.டி.ஆர்., காந்தி பஜார் வித்யார்த்தி பவன், மல்லேசுவரம் சி.டி.ஆர்., சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பார். சுற்றுலாக் கையேடுகளும் ஞாயிறு இணைப்புகளும் இந்தப் பெயர்களையே திரும்பத் திரும்ப எழுதி, ‘பழைய பெங்களூரு’ என்றால் நெய் மணக்கும் மசால் தோசை என்று நிலைநாட்டிவிட்டன. ஆனால் இந்த நான்கையும் நகர வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஒன்றுகூடப் பழைய பெங்களூருக்குள் இல்லை.

பழைய பெங்களூரு என்பது பேட்டை. கெம்பே கவுடா 1537இல் மண்கோட்டை எழுப்பி அமைத்ததாக மரபு சொல்லும் ஊர் அது. தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் சந்தியிலிருந்து அக்கிப்பேட்டை, ராகிப்பேட்டை, அரளேபேட்டை, பளேபேட்டை, கும்பாரபேட்டை, திகளரபேட்டை எனத் தொழிலின் பேரிலும் குலத்தின் பேரிலும் தெருக்கள் பிரிந்தன. தொட்டபேட்டைதான் இன்றைய அவென்யூ ரோடு. அல்சூர், எலகங்கா, ஆனேக்கல் என்று எந்த ஊருக்கு வழி போகிறதோ அந்த ஊரின் பெயரே கோட்டை வாசலுக்கும் இருந்தது. அரிசி மூட்டையோடும் பருத்திப் பொதியோடும் வருகிறவன் இந்த வாசல்களின் வழியாகத்தான் உள்ளே வந்தான். வந்தவன் இரண்டு நாளாவது தங்கியிருப்பான், சாப்பிட்டிருப்பான்.

அவனுக்கு இலை போட்டது யார்? பாய் விரிக்க இடம் கொடுத்தது யார்? அந்த இடங்களை விட்டுவிட்டு நகரத்தின் நினைவு ஏன் பசவனகுடிக்கும் மல்லேசுவரத்துக்கும் குடிபெயர்ந்தது? இந்தக் கட்டுரை இதைத்தான் ஆராய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று மரபு என்று போற்றப்படும் பட்டியல், பேட்டையை விட்டு வெளியேறியவர்களின் நினைவு. பேட்டையிலேயே தங்கியவர்கள், அங்கே வந்துபோனவர்கள், உழைத்தவர்கள் ஆகியோரின் சாப்பாடும் படுக்கையும் அதில் இடம்பெறவில்லை.

இதுவரை சொல்லப்பட்டவை

தமிழ்ச் சூழலில் இந்தத் துறைக்கு வழிகாட்டியது ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. காப்பியை ஒரு பானமாக மட்டும் பார்க்காமல் தமிழ் நடுத்தர வர்க்கம் தன்னை அடையாளம் கண்டுகொண்ட விதத்தோடும் காப்பி ஓட்டலின் சாதி ஒழுங்கோடும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொடுத்த நூல் அது. பம்பாயைப் பற்றி ஃபிராங்க் கான்லன் 1995இல் எழுதிய கட்டுரை, வெளியில் சாப்பிடத் தயங்கிய சமூகங்கள் எப்படி மெல்ல மெல்லக் கடைக்கு வந்தன என்று காட்டுகிறது. உடுப்பி ஓட்டல்களைப் பற்றி ஸ்டிக் டாஃப்ட் மேட்சனும் ஜெஃப்ரி கார்டெல்லாவும் 2012இல் எழுதியது, கோயில் மடைப்பள்ளி மரபு வணிகமாக மாறிய கதையைச் சொல்கிறது. பெங்களூரின் இருபதாம் நூற்றாண்டைப் பற்றி ஜானகி நாயரின் நூலும், கரக விழாவின் வழியாக நகர நினைவை ஆராய்ந்த ஸ்மிருதி சீனிவாஸின் நூலும் இடத்தின் அரசியலைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை.

இவற்றில் உணவை எழுதியவர்களின் கண் பெரிதும் ஓட்டலின் மேல் இருக்கிறது. இடத்தை எழுதியவர்களின் கண் தெரு, ஏரி, ஊர்வலம் ஆகியவற்றின் மேல். வழிப்போக்கனுக்கோ சாப்பாடும் படுக்கையும் வேறுவேறு கேள்விகளாக இருந்ததில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பேட்டையின் கதை வேறு விதமாகத் தெரிகிறது.

சத்திரம்: எல்லோருக்கும் சோறு, தனித்தனி இலை

காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவது இழிவு என்று கருதிய காலத்தில் வழிப்போக்கனுக்கு இருந்த ஒரே புகலிடம் சத்திரம். பிரான்சிஸ் புக்கானன் 1800இல் சென்னையிலிருந்து மைசூர் நாட்டுக்குப் புறப்பட்டபோது வழியெங்கும் கண்டவை, செல்வர்கள் புண்ணியத்துக்காகக் கட்டிவைத்த சத்திரங்களே.

அந்த அமைப்பு எப்படி நடந்தது என்பதற்குத் தஞ்சையில் தெளிவான சான்று உண்டு. தஞ்சைக்கும் பெங்களூருக்கும் உள்ள உறவையும் மறக்கக்கூடாது. 1638இல் பீஜப்பூர் படை பெங்களூரைக் கைப்பற்றியபின் ஊர் சாகாஜி போன்ஸ்லேக்கு ஜாகீராக வந்தது. அவர் மகன் ஏகோஜி இங்கிருந்து போய்த்தான் தஞ்சை மராத்திய அரசை நிறுவினார். அந்த வழியில் வந்த இரண்டாம் சரபோஜி, ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டியவர், 1801இல் கும்பினி அதிகாரிக்குத் தன் நாட்டுச் சத்திரங்களைக் காக்கும்படி கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் அங்கே சோறு உண்டு என்பது அதில் அவர் பெருமையோடு சொல்லும் செய்தி. பிறர் சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மசாலைப் பொருளும் சமைக்காமலே அளந்து தரப்படும் என்பது அடுத்த செய்தி.

இவ்விரண்டையும் பிரிக்காமல் படிக்க வேண்டும். சத்திரம் யாரையும் பசியோடு அனுப்பவில்லை. எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கவும் இல்லை. தருமமும் சாதி ஒழுங்கும் ஒரே கூரையின் கீழ் பிணக்கின்றி இருந்தன. முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பழங்காலச் சமத்துவம் பேசுவதும், இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு சத்திரத்தை ஒதுக்குவதும் அரைகுறை வாசிப்புகள்.

பெங்களூரில் இந்த மரபின் பெரிய சின்னம் பேட்டைக்கு மேற்கே, சிட்டி ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. குப்பி தோட்டதப்பா (1838–1910) பேட்டை வியாபாரி, பிள்ளையில்லாதவர். 1897இல் ரயில்வேயிடமிருந்து நிலம் வாங்கிச் சத்திரம் கட்டினார். 1903இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அதைத் திறந்துவைத்தார். வெளியூர்ப் பயணிகளுக்குத் தங்குமிடம், படிக்க வரும் பிள்ளைகளுக்கு விடுதி என இரண்டும் அங்கே இருந்தன. இடத்தைக் கவனியுங்கள். பழைய சத்திரங்கள் கோட்டை வாசலை ஒட்டியும் நடைவழியிலும் அமைந்தவை. இவர் ரயிலடிக்கு வந்தார். 1882இல் மைசூர்ப் பாதை முடிந்து சிட்டி நிலையம் வந்ததும் ஊரின் வாசல் இடம் மாறிவிட்டது என்பதை அந்த வியாபாரியின் கண் சரியாகக் கணித்தது.

பின்னாளில் நகரின் பல சத்திரங்கள் கல்யாண மண்டபங்களாக மாறின. மண்டபத்தை இன்றும் பெங்களூர்க்காரர்கள் ‘சத்திரம்’ என்றுதான் சொல்கிறார்கள். வழிப்போக்கர்களோ சத்திரத்தை விட்டு லாட்ஜுக்குப் போனார்கள். தர்மாம்புதி ஏரி வற்றிய இடத்தில் பேருந்து நிலையம் எழுந்ததும் மெஜஸ்டிக், காந்திநகர், உப்பாரபேட்டை எல்லாம் லாட்ஜ் மயமாயின. சிக்கபேட்டையின் ராஜஸ்தானி, குஜராத்தி வணிகர்கள் மட்டும் தங்கள் மக்களுக்காகத் தர்மசாலைகளை விடாமல் நடத்துகிறார்கள். லாட்ஜ் சாதி கேட்கவில்லை. வாடகை மட்டும் கேட்டது. ஆனால் அது சோறு போடவில்லை. சத்திரத்தில் ஒன்றாயிருந்த படுக்கையும் சோறும் இங்கே பிரிந்தன. தங்குபவன் சாப்பாட்டுக்குத் தெருவில் இறங்கியாக வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் பேட்டையைச் சுற்றி ஓட்டல் தொழில் தழைத்தது.

1898

அந்த ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் பரவியது. நெருக்கமான பேட்டைத் தெருக்கள்தான் அதிகம் அடிபட்டன. சுகாதாரத்தின் பெயரால் பசவனகுடியும் மல்லேசுவரமும் அகன்ற தெருக்களோடும் அளந்த மனைகளோடும் வளர்ந்தன. இந்தப் புதிய குடியிருப்புகளில் மனைகள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். படித்த, அரசு வேலையிலிருந்த மேல்சாதிக் குடும்பங்கள் மெல்ல அங்கே போய்ச் சேர்ந்தன. வணிகர்களும் கைவினைஞர்களும் நெசவாளர்களும் சுமைக்காரர்களும் பேட்டையிலேயே இருந்தார்கள்.

மசால் தோசைப் பட்டியலின் புவியியல் இங்கேதான் தொடங்குகிறது. எம்.டி.ஆர். 1924இல் மையா சகோதரர்கள் ‘பிராமின் காபி கிளப்’ என்று தொடங்கியது. சி.டி.ஆரும் அதே இருபதுகளில் மல்லேசுவரத்தில் வந்தது. வித்யார்த்தி பவன் 1943இல், பக்கத்துப் பள்ளி மாணவர்களை நம்பி, காந்தி பஜாரில் திறந்தது. பிராமின்ஸ் காபி பார் 1965. எல்லாமே பிளேக்குக்குப் பிந்தைய குடியிருப்புகளை ஒட்டியவை. பேட்டைக்குள் பளேபேட்டை உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண பவன் போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவை பட்டியலில் முதலிடம் பெற்றதில்லை.

அதே 1898இல் சிக்கபேட்டையில் நடந்த இன்னொன்று இந்தக் கதையைச் சற்றுக் கலைக்கிறது. ஹாசன் பகுதியிலிருந்து வந்த திருமலாச்சார் அங்கே பி.பி. பேக்கரியைத் தொடங்கினார். வீட்டில் தமிழ்வழிப் பேச்சு பேசும் ஹெப்பார் ஐயங்கார் சமூகத்தவர், வெள்ளைக்காரரின் ரொட்டியைக் கையிலெடுத்துக் காரா பன்னாகவும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தாகவும் மாற்றினார்கள். இன்று தெருவுக்குத் தெரு நிற்கும் ‘ஐயங்கார் பேக்கரி’களின் மூலம் அது. ஆசாரமான சமூகம் புளித்த மாவு ரொட்டியைத் தொழிலாக எடுத்தது சாதாரணச் செய்தியல்ல. பேட்டையின் கலப்புக்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து சாப்பிடாமல் காகிதத்தில் மடித்து எடுத்துப்போகும் பண்டம் என்பதால் யார் பக்கத்தில் யார் என்ற கேள்வி பேக்கரியில் எழவே இல்லை. இதுவும் அது பரவியதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

பலகையில் எழுதிய உறுதி

‘பிராமின்’ என்று பலகையில் எழுதியது ஏன்? இரண்டு விதமான பதில்கள் உண்டு. சமைப்பவர் யார் என்று தெரியாமல் வெளியில் வாய் வைக்காத வாடிக்கையாளருக்கு அது ஓர் உறுதிமொழி. அந்தத் தயக்கத்தை உடைத்து மக்களைக் கடைக்கு வரவழைத்ததே அந்தப் பலகைதான் என்பது ஒன்று. அது தீண்டாமையின் விளம்பரம் என்பது மற்றது.

என் மதிப்பீட்டில் முதல் விளக்கம் தொழில் தொடங்கிய சூழலைச் சரியாகச் சொல்கிறது; விளைவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. உடுப்பி ஓட்டல் காசு கொடுப்பவர் எவருக்கும் கதவைத் திறந்த இடம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையின் பாதி. தென்னிந்தியாவில் பல ஓட்டல்களிலும் ரயில் நிலையங்களிலும் பிராமணர்களுக்குத் தனி இடம் நெடுநாள் இருந்தது. ரயில் நிலையங்களில் அது ஒழிந்ததே 1941இல், பெரியாரின் இயக்கம் தொடர்ந்து போராடியதற்குப் பிறகு. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அங்கே பாகுபாட்டைத் தடுக்கிறது. இந்த இடங்களில் பாகுபாடு எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தபிறகும், 1957இல் திருவல்லிக்கேணி முரளீஸ் கபேயின் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்க மாதக்கணக்கில் மறியல் செய்ய வேண்டியிருந்தது. அந்த மறியல் இன்றும் தமிழ்நாட்டின் பொது நினைவில் இருக்கிறது. பெங்களூரிலோ அதே சொல் மரபின் அழகாக, ஒரு சுவையின் அடையாளமாகப் படிக்கப்படுகிறது. ஒரே சொல்லுக்கு இருநூறு மைல் இடைவெளியில் இரண்டு வாழ்க்கை.

இதைச் சொல்வது அந்தக் கடைகளின் உழைப்பைக் குறைத்து மதிப்பதற்காக அல்ல. எம்.டி.ஆர். சமையற்கட்டைக் கடந்தே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்படி வைத்து, சுத்தத்தை வாடிக்கையாளரின் கண்ணுக்கே விட்டது; 1951இல் யக்ஞநாராயண மையா ஐரோப்பா போய்வந்தபின் அங்கே கண்ட ஒழுங்குகளைத் தன் கடையில் புகுத்தினார். சாதியின் தூய்மையிலிருந்து சுகாதாரத்தின் தூய்மைக்கு நகர்ந்த அந்தப் பாதை மதிக்கத்தக்கது.

மிலிட்டரி ஓட்டல்

இனி, பட்டியலில் இடம்பெறாதவர்கள். காட்டன்பேட்டை, அக்கிப்பேட்டைப் பக்கம் காலை எட்டு மணிக்குப் போனால் மிலிட்டரி ஓட்டலில் அடுப்பு முழு வேகத்தில் இருக்கும். பின்கட்டில் ராகிக் களியை நீண்ட மரக்கோலால் கிண்டி, கை நனைத்து உருட்டி, சூடு ஆறுவதற்குள் இலைக்கு அனுப்புவார்கள். பக்கத்தில் ஆட்டுக்கால் சூப்பு, மட்டன் சாப்ஸ், ஈரல் வறுவல், இலைத் தொன்னையில் கொத்தமல்லியும் புதினாவும் அரைத்துவிட்ட பச்சை நிறப் பிரியாணி. களியை மெல்லக்கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். விடியலில் லாரி இறக்கியவர்களுக்கு அதுதான் முழுச் சாப்பாடு. பிற்பகலில் பல கடைகள் கதவைச் சாத்திவிடும். சந்தையின் நேரமே கடையின் நேரம்.

இந்த ஓட்டல்களின் தோற்றத்தைப் பற்றி வழக்கிலுள்ள கதை சாகாஜியின் மராத்தியப் படைவீரர்கள் வரை போகிறது. பழைய கடைகள் பலவற்றை ‘ராவ்’ என்று பெயர் முடியும் மராத்தியக் குடும்பங்கள் நடத்துவதால் கதை நம்பும்படியாக இருக்கிறது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டுப் படைவீட்டு அடுப்புக்கும், காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிடும் கடைக்கும் நடுவே இருநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. 1908இல் தொடங்கியதாகச் சொல்லும் காட்டன்பேட்டை எஸ்.ஜி. ராவ் மிலிட்டரி ஓட்டல் போன்றவற்றின் காலத்தைப் பார்த்தால், அவற்றைப் பெற்றெடுத்தது படை அல்ல, பஞ்சாலையும் சந்தையும் ரயிலும் என்றே தோன்றுகிறது. 1884இல் தொடங்கிய பின்னி ஆலை பக்கத்தில்தான் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். சமையலின் ருசியில் மராத்திய மரபு இருக்கலாம். கடை என்ற அமைப்பு தொழிலாளியின் பசியிலிருந்து வந்தது.

‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பலகை தமிழ்நாட்டிலும் உண்டு. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் பரவிய முனியாண்டி விலாஸ் இதற்கு நெருங்கிய உறவு. ஒரு கிராமம், ஒரு தெய்வம், உறவினர்கள் வழியே பரவும் தொழில். உடுப்பி ஓட்டலும் இதே விதமாக வளர்ந்ததுதான். ஒன்று ஆய்வு நூல்களில் தொழில்முனைவு என்று போற்றப்படுகிறது. மற்றது பிரியாணித் திருவிழாச் செய்தியாக ஆண்டுக்கொருமுறை நாளிதழில் வந்துபோகிறது. அசைவச் சாப்பாட்டுக் கடையின் வரலாற்றை எழுதாமல் விடுவதும் சாதி ஒழுங்கின் வேலைதான்.

தண்டு

பேட்டைக்குக் கிழக்கே 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைநகரை இங்குள்ளவர்கள் தண்டு என்பார்கள். அது வேறு நிர்வாகம், வேறு பழக்கம். சென்னையோடு அதற்கு நேரடித் தொடர்பு. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் முதலில் வந்ததே தண்டு நிலையத்துக்குத்தான். ஒப்பந்தக்காரர்கள், சமையல்காரர்கள், பட்லர்கள் என்று தமிழர்கள் திரளாக வந்தார்கள். அட்டாரா கச்சேரிக் கட்டடத்தைக் கட்டிய ஆற்காடு நாராயணசாமி முதலியார் அவர்களில் பெரும்புள்ளி.

குடி வெளிப்படையாக நடந்த இடமும் இதுதான். 1868இல் தொடங்கிய பெங்களூர் கிளப்பின் பேரேட்டில் வின்ஸ்டன் சர்ச்சிலின் வாராக் கடன் 13 ரூபாய் இன்றும் இருக்கிறது. 1887இல் திருமதி பிரான்சன் நடத்திய தங்கும் விடுதிதான் பின்னாளில் வெஸ்ட் எண்ட் ஓட்டல். 1915இல் யுனைடெட் புரூவரீஸ் உருவானது. ஃபிரேசர் டவுன் ஆல்பர்ட் பேக்கரி 1902. ஊட்டிப் பக்கம் தொடங்கிய நீலகிரீஸ் பிரிகேட் ரோட்டுக்கு வந்தது 1936. கோஷீஸ் உணவகம் 1952. 1949இல் நகரம், தண்டு என்ற இரண்டு நகராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டும் ‘பெங்களூரு என்றால் எது’ என்ற பட்டியலில் பசவனகுடியும் தண்டும் இரண்டு முனைகளாக நின்றுகொண்டன. நடுவிலிருந்த பேட்டை கடைவீதியாக மட்டும் எஞ்சியது.

நின்றபடி

1983இல் ஆர். பிரபாகர் ஜெயநகரில் தொடங்கிய கபே தர்சினி பெங்களூருச் சாப்பாட்டின் அமைப்பையே மாற்றியது. நாற்காலி கிடையாது. காசு கொடுத்து டோக்கன் வாங்கி, மேடையில் தட்டை எடுத்து, மார்பளவு உயரமான எஃகு மேசையருகே நின்று சாப்பிட வேண்டும். ‘பை-டூ காபி’ என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு தம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் அதே மேசையில் தம்ளர் வைப்பார்கள். நோக்கம் சமத்துவம் அல்ல. குறைந்த இடம், குறைந்த ஆள், வேகமான விற்பனை. ஆனால் சத்திரத்துப் பந்தியிலிருந்து ஓட்டலின் தனி அறை வரை உட்காரும் வரிசைதான் சாதியைக் காட்டிய இடம். பெண்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்த ‘ஃபேமிலி ரூம்’கூட உட்காரும் ஏற்பாடுதான். வரிசை போனதும் அதைக் காட்ட இடமில்லாமல் போயிற்று. சீர்திருத்தம் பேசாத ஒரு வணிக ஏற்பாடு இவ்வளவைச் செய்தது என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

2017 ஆகஸ்டில் தொடங்கிய இந்திரா கேன்டீன் இன்னொரு படி. தமிழ்நாட்டின் அம்மா உணவகத்தைப் பார்த்து வந்தது. காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய் என்று தொடங்கியது. செல்வரின் புண்ணியமாக இருந்த மலிவுச் சோறு அரசின் கடமையாக வந்தது. சமைக்காத அரிசி தனியாக அளக்கும் ஏற்பாடு இங்கே இல்லை.

ஆனேக்கல் வாசலுக்கு வெளியே

பேட்டையின் ஆனேக்கல் வாசல் இன்று இல்லை. அந்தத் திசையிலேயே ஓசூர் நெடுஞ்சாலை போகிறது. அதிலிருந்து ஆனேக்கலுக்குப் பிரியும் இடம் சந்தாபுரா. பேட்டை வாசல்கள் செய்த வேலையை இன்று செய்வது இதுபோன்ற ஊர்கள்தான். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குப் போக இங்கே இறங்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது.

இவர்களுக்கான இடம் பி.ஜி. எனப்படும் ‘பேயிங் கெஸ்ட்’ விடுதி. மாத வாடகைக்குக் கட்டிலும், மூன்று வேளைச் சாப்பாடும். லாட்ஜ் பிரித்ததை பி.ஜி. மறுபடி சேர்த்துவைத்தது. ‘நார்த் இண்டியன், சவுத் இண்டியன் ஃபுட்’ என்று பலகை சொல்லும். அறைக்குள் அசைவம் கொண்டுவரலாமா, எந்த மாநிலத்தவர் யாரோடு தங்குவது என்பதெல்லாம் வாய்மொழி விதிகள். சட்டம் இந்த விதிகளைப் பார்ப்பதில்லை. வாடகைக்கு வரும் பிள்ளைகள் வாசலிலேயே அவற்றைத் தெரிந்துகொள்கிறார்கள்.

மரபுச் சின்னங்களைப் பட்டியலிடுபவர்கள் கட்டடத்தின் வயதையும் தோசையின் ருசியையும் மட்டும் குறிப்பது போதாது. பேட்டையில் சேகரிக்க வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: சத்திர அறக்கட்டளைகளின் வரவுப் பதிவேடுகள், மாநகராட்சியின் ஓட்டல் உரிமக் கோப்புகள், லாட்ஜுகளின் வருகைப் புத்தகங்கள், மிலிட்டரி ஓட்டல் குடும்பங்களின் கணக்குகள், தட்டு கழுவ வந்து சமையல்காரர்களான பெரியவர்களின் வாய்மொழி. மெட்ரோ 2017இல் சிக்கபேட்டைக்கு அடியில் வந்ததிலிருந்து மேலே மனை விலை ஏறிக்கொண்டிருக்கிறது. பழைய கடைகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. கைமாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தக் கணக்குப் புத்தகங்கள்தான். அவற்றைப் படியெடுக்கும் வேலையைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் தமிழ், கன்னட அமைப்புகளும் சேர்ந்து இப்போதே தொடங்க வேண்டும், முதலில் காட்டன்பேட்டையில்.